வாயு இறங்கிய வழி: மலையகச் சிறுநகர் ஒன்றின் உணவகத் தீ பற்றிய நிகழ்வு ஆய்வு

இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையிலுள்ள சிறு பஜார் ஒன்றில், சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு ஜனவரி அதிகாலையில் நடந்த எரிவாயுத் தீயைப் பற்றியது இந்த ஆய்வு. உயிரிழப்பு இல்லை. சமையலறையில் உதவியாளராக இருந்த இளைஞர் ஒருவருக்கு முகத்திலும் இரு கைகளிலும் தீக்காயம் ஏற்பட்டது. எரிவாயு இணைப்பு வேலை எனது தொழில் என்பதால் வர்த்தகர் சங்கத்தினர் என்னை அழைத்தார்கள்; மறுநாள் காலை அங்கு போனேன். கடை உரிமையாளரும் காயமடைந்த இளைஞரும் சம்மதித்த பின்னரே இதை எழுதுகிறேன். அவர்கள் கேட்டுக்கொண்டபடி ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் இங்கு இல்லை.

நான் போய்ச் சேர்வதற்கு முன்பே பஜார் முழுவதும் ஒரு செய்தி பரவியிருந்தது: "சிலிண்டர் வெடித்துவிட்டது." வெடிக்கவில்லை. உணவகத்தின் 37.5 கிலோ சிலிண்டர்கள் இரண்டும், மாடியில் குடும்பம் பயன்படுத்திய 12.5 கிலோ சிலிண்டரும் ஒரு நசுக்கம்கூட இல்லாமல் நின்றுகொண்டிருந்தன. சிலிண்டர் வெடித்தது என்று முடிவு கட்டிவிட்டால் பழி முழுவதும் அதை விற்றவர்மேல் விழும். சிலிண்டர் நின்ற இடத்தையும், குழாய் போன வழியையும், அடுப்பின் அமைப்பையும் அதன் பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்தத் தீக்கான காரணமோ அந்த மூன்றில்தான் இருந்தது.

கட்டடம்

மலையக நகரங்களில் கடைகள் எப்படிக் கட்டப்படுகின்றன என்பது இங்கு பிறந்தவர்களுக்குத் தெரியும். வீதியிலிருந்து பார்த்தால் சிறிய கடைபோலத் தெரியும். உள்ளே போனால் பின்புறம் சரிவில் இன்னும் இரண்டு தளங்கள் கீழே இறங்கும். இந்த உணவகமும் அப்படித்தான். வீதி மட்டத்தில் கடை. அதற்கு மேலே பலகைத் தளமிட்ட மாடியில் உரிமையாளரின் குடும்பம். கடைக்குக் கீழே சமையலறை. சமையலறையிலிருந்து ஒன்பது படிகள் இறங்கினால் களஞ்சிய அறை. அரிசி, மாவு, தேங்காய், வெங்காயம் எல்லாம் அங்கேதான் இருந்தன. களஞ்சியத்தின் இரண்டு பக்கங்கள் மண்மேட்டை வெட்டி எழுப்பிய கருங்கல் சுவர்கள். மூன்றாவது பக்கம் படிக்கட்டு. நான்காவது பக்கத்தை மட்டும் தகரத்தால் அடைத்திருந்தார்கள்.

சமையல் எரிவாயுவான எல்பிஜி வளியைவிடப் பாரமானது. புரொப்பேன் வளியைப்போல ஒன்றரை மடங்கு பாரம், பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் கூரையை நோக்கி எழும்பாது. தண்ணீர்போலத் தரையில் பரவி, பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே இறங்கித் தேங்கும். சமதரையில் கட்டப்பட்ட வீட்டில் அது கதவிடுக்கு வழியாக முற்றத்துக்குப் போய்க் கலைந்துவிட வாய்ப்பு இருக்கிறது. இந்தக் கட்டடத்தில் அதற்கு இருந்த ஒரே வழி அந்த ஒன்பது படிகள்.

எவ்வளவு வாயு சேர்ந்தால் ஆபத்து? வளியில் ஏறத்தாழ 2 வீதம் கலந்ததுமே எல்பிஜி தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும். 9 அல்லது 10 வீதத்தைத் தாண்டினால் வளி போதாமல் பற்றாது. களஞ்சியத்தை அளந்து கணக்குப் பார்த்தேன். அறை முழுவதும் சீராகக் கலந்தாலும் ஏறத்தாழ ஒரு கிலோ வாயு போதும். சீராகக் கலக்காமல் தரையோடு படிந்து கிடந்தால் அதிலும் குறைவான அளவே போதும். 37.5 கிலோ சிலிண்டரில் ஒரு கிலோ குறைந்ததை யார் கவனிப்பார்கள்?

அந்த இரவு

கடை இரவு பத்து மணிக்கு மூடப்பட்டது. அதிகாலை முதல் பஸ்ஸுக்கு வரும் பயணிகளுக்குத் தேநீர் தயாராக இருக்க வேண்டும் என்பதால், பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பி, அடுப்பை மிகக் குறைந்த சுவாலையில் விட்டுப் போவது அங்கு வழக்கம். தோட்டங்களுக்கும் கொழும்புக்கும் போகும் பஸ்கள் விடியுமுன்னரே புறப்படும் ஊர்களில் பல கடைகள் இப்படித்தான் செய்கின்றன. அன்று நல்ல குளிர். சமையலறையின் இரண்டு சன்னல்களையும் அடைத்து, கதவின் அடியில் சாக்கும் சொருகியிருந்தார்கள்.

அண்டா அடுப்பின் குமிழ் திறந்தபடியே இருந்ததை மறுநாள் பார்த்தேன். அண்டாவில் தண்ணீர் கிட்டத்தட்ட நிரப்பிய அளவிலேயே இருந்தது. இரவு முழுவதும் அடுப்பு எரிந்திருந்தால் அது கணிசமாக வற்றியிருக்கும். ஆகவே கடை மூடிச் சற்று நேரத்திலேயே சுவாலை அணைந்திருக்கிறது. அதன் பிறகு எரியாத வாயு மணிக்கணக்காக வெளியேறியிருக்கிறது. சுவாலை அணைந்ததும் வாயுவைத் தானே அடைக்கும் பாதுகாப்பு வால்வு அந்த அடுப்பில் இல்லை. உள்ளூர்ப் பட்டறைகளில் ஒட்டிச் செய்யப்படும் ஹை பிரஷர் அடுப்புகளில் அதை நான் கண்டதே அரிது.

சுவாலை ஏன் அணைந்தது? இதில் மலைக்குளிருக்குப் பெரிய பங்கு உண்டு. சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது கொதித்து ஆவியானால்தான் அடுப்புக்கு வாயு வரும். புரொப்பேன் -42 பாகை செல்சியஸிலேயே கொதிக்கும். சாதாரண பியூட்டேன் கொதிப்பது -0.5 பாகையில். இரண்டும் கலந்திருக்கும் சிலிண்டரிலிருந்து முதலில் வேகமாக வெளியேறுவது புரொப்பேன். பாவிக்கப் பாவிக்க அடியில் மிஞ்சுவதில் பியூட்டேன் கூடிக்கொண்டே போகும். ஆவியாகும் திரவம் தன்னைத்தானே குளிரவைக்கவும் செய்யும். பகல் முழுவதும் கொத்து ரொட்டிக்கும் சோற்றுக்கும் பலமாக வாயு இழுத்த, கால்வாசி மட்டுமே மிஞ்சிய ஒரு சிலிண்டர், பத்துப் பன்னிரண்டு பாகைக் குளிரில் நிற்கும்போது அதன் அழுத்தம் மிகவும் இறங்கிவிடும். சுவாலை நடுங்கும், படிக்கட்டு வழியாக வரும் சிறு காற்றுக்கும் அணையும். அடுப்பு அணைந்தாலும் குமிழ் திறந்தே இருப்பதால் வாயு தொடர்ந்து வருகிறது. சுவாலையைக் காப்பாற்றப் போதாத அந்த அழுத்தம் ஓர் அறையை நிரப்பப் போதுமாக இருந்தது.

அதிகாலை நாலரை மணிக்கு இளைஞர் எழுந்தார். சமையலறைக்கு வந்தபோது வாடை வந்ததாக அவரே என்னிடம் சொன்னார். "தினமும் கொஞ்சம் மணக்கும், அண்ணன். அன்றைக்கும் அப்படித்தான் என்று நினைத்தேன்." ரொட்டிக்கு மாவு எடுக்கப் படியிறங்கினார். அடிப்படியில் நின்று மின் ஆளியை (சுவிட்சை) தட்டினார். அதற்குள் எழுந்த சிறு பொறி போதுமாக இருந்தது.

எரிந்த தடங்கள் தெளிவாக இருந்தன. அரிசி மூட்டைகளின் அடிப்பகுதி கருகியிருந்தது. மேல் தட்டிலிருந்த பிளாஸ்டிக் வாளிகள் உருகக்கூட இல்லை. இடுப்புக்குக் கீழேதான் வாயு படிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். தகரச் சுவர் ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டு பள்ளத்தில் விழுந்துகிடந்தது. அந்த இளைஞர் உயிரோடு இருப்பதற்கு அந்தத் தகரமே காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். நான்கு பக்கமும் கல்லாக இருந்திருந்தால் அழுத்தம் மேலே கடையையும் வீட்டையும் தூக்கியிருக்கும். அங்கே இரண்டு குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்துக் கடைக்காரர் செய்த ஒரு காரியத்தைப் பதிவுசெய்ய வேண்டும். அவர் வேறு எந்த ஆளியையும் தொடவில்லை. சிலிண்டர் வால்வுகளைத் திருகி மூடினார். இளைஞரின் கைகளில் ஓடும் குளிர்நீரை நீண்ட நேரம் ஊற்றினார். பற்பசை, நெய், மஞ்சள் எதையும் பூச விடவில்லை. 1990 என்ற இலக்கத்தில் அழைத்த அம்புலன்ஸ் வரும்வரை தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாராம். ஆதார வைத்தியசாலையில் காயத்தைப் பார்த்தவர்கள் அதைப் பாராட்டியதாக இளைஞரின் தாயார் சொன்னார்.

குழாயும் சிலிண்டரும்

அணைந்த அடுப்பு ஒன்றுதான் காரணமா என்று அறிய முழு இணைப்பையும் சோதித்தேன். ரெகுலேட்டரிலிருந்து அடுப்புக்குப் போன ரப்பர் குழாய் நடுவில் வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. ஒரு முனையில் கிளிப்புக்குப் பதிலாகக் கட்டுக்கம்பி. சவர்க்கார நுரை தடவியதும் அந்த முனையில் குமிழிகள் வந்தன. "தினமும் கொஞ்சம் மணக்கும்" என்று இளைஞர் சொன்னதன் காரணம் இதுதான். இந்தச் சிறு கசிவு மட்டும் அந்த அறையை நிரப்பியிருக்காது. ஆனால் அதைவிட மோசமான ஒன்றை அது செய்திருந்தது: வாடைக்கு அங்கிருந்தவர்களின் மூக்கைப் பழக்கிவிட்டது. எல்பிஜிக்கு இயல்பில் மணமே கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்கப்டன் என்ற நாற்றமுள்ள பொருளைச் சேர்க்கிறார்கள். அந்த எச்சரிக்கை அன்றாட வாசனையாகிவிட்ட சமையலறையில் அதற்குப் பயன் எதுவும் மிஞ்சவில்லை.

ஒரு சிலிண்டரின் அடிவளையம் மட்டும் கடுமையாகத் துருப்பிடித்திருந்தது. கேட்டேன். வாயு குறைந்து சுவாலை மெலிந்தால் சிலிண்டரை வெந்நீர்த் தாச்சியில் நிறுத்துவார்களாம். சில நேரம் படுக்கவைத்தும் உருட்டியும் பாவித்திருக்கிறார்கள். இதைக் கேட்டு அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர் அந்த மாதம் 2,675 ரூபாவானது. 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவுக்கு ஏறியது. அதையும் வாங்குவதற்கு இரவு பகலாக வரிசையில் நின்றோம். அடியில் மிஞ்சிய கடைசித் துளியையும் எரித்துத் தீர்க்க வேண்டும் என்ற எண்ணம் அந்த நாட்களில்தான் பல வீடுகளுக்குள் வந்தது. ஆனால் படுக்கவைத்த சிலிண்டரிலிருந்து ஆவிக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் போகும். ஒரு லீற்றர் திரவம் ஏறத்தாழ 250 லீற்றர் வாயுவாக விரியும். அடுப்பில் ஆளுயரச் சுவாலை எழுவது அப்படித்தான். வெந்நீரில் நிறுத்தினால் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்பது யாருக்கும் தெரியாது. துருவும் உருக்கை அரித்துக்கொண்டே போகும்.

2021 கற்றுத்தந்ததும் தராததும்

2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடெங்கும் வீடுகளிலும் உணவகங்களிலும் அடுத்தடுத்து எரிவாயு விபத்துகள் நடந்தன. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொலகே தலைமையில் ஜனாதிபதி நியமித்த குழு, வாயுக் கலவையின் விகிதம் மாற்றப்பட்டதையே முதன்மைக் காரணமாகக் கண்டது. புரொப்பேனின் பங்கு கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். 20 பாகையில் தூய பியூட்டேனின் ஆவியழுத்தம் ஏறத்தாழ 2 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). தூய புரொப்பேனினது 8 பாருக்கு மேல். பழைய ரெகுலேட்டரும் விரிசல் விட்ட குழாயும் பியூட்டேன் மிகுந்த கலவைக்கு எப்படியோ தாக்குப்பிடித்திருக்கும். அழுத்தம் கூடியதும் அவற்றின் பலவீனம் வெளிப்பட்டது. அதே காலத்தில் மெர்கப்டன் போதிய அளவில் இல்லை என்ற பிரச்சினையும் எழுந்து, எரிவாயு விநியோகம் இடைநிறுத்தப்பட்டது.

அந்த அனுபவத்திலிருந்து கலவை, மணம், சிலிண்டரின் முத்திரை ஆகியவற்றின்மேல் கவனம் திரும்பியது. மிகவும் தேவையான கவனம் அது. ஆனால் நான் ஆராய்ந்த இந்த விபத்தில் கலவையில் குறை இல்லை, மணம் இருந்தது, முத்திரையும் சரி. சிலிண்டர் சரியாக இருந்தும், வீதி மட்டத்துக்குக் கீழே அது நின்ற இடம் பிழையாக இருந்தது.

சட்டம் எதைப் பார்க்கிறது

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, சந்தைக்கு வரும் பொருளைப் பார்க்கிறது. இலங்கை கட்டளைகள் நிறுவனம் வாயுவுக்கும் கருவிகளுக்கும் தரநிர்ணயம் செய்கிறது. ரெகுலேட்டரும் குழாயும் வாங்கும்போது அதன் எஸ்எல்எஸ் முத்திரையைத் தேடிப் பார்ப்பது நம் கையில் இருக்கும் எளிய பாதுகாப்பு. உணவகத்துக்கு வியாபார அனுமதிப்பத்திரம் தருவது பிரதேச சபை. இந்தக் கடைக்கு அனுமதிப்பத்திரம் முறைப்படி இருந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து தண்ணீர்த் தாங்கியையும் சமையலறையின் சுத்தத்தையும் கழிவு வடிகாலையும் பார்த்திருக்கிறார். தன் கடமையைச் சரியாகச் செய்திருக்கிறார். சிலிண்டர் எங்கே நிற்கிறது, குழாயை யார் பொருத்தினார், கசிந்தால் வாயு எந்தப் பக்கம் போகும் என்ற கேள்விகளை அந்தக் கடையில் யாரும் ஒருபோதும் கேட்டதில்லை. குழாயை வெட்டி ஒட்டியவர் அடுத்த தெருவில் சைக்கிள் திருத்துபவர்.

பிரித்தானியாவில் 1998 ஆம் ஆண்டின் எரிவாயுப் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் இந்தக் கேள்விகளைச் சட்டமாகவே கேட்கின்றன. அங்கே எரிவாயு இணைப்பு வேலையைப் பதிவுபெற்ற தொழினுட்பவியலாளர் மட்டுமே செய்யலாம். 2009 முதல் 'கேஸ் சேஃப்' பதிவேடு அதற்கென இருக்கிறது. வாடகைக்கு விடும் வீட்டின் எரிவாயுக் கருவிகளைப் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறை சோதித்து, பதிவைக் குடியிருப்பவர் கையில் கொடுப்பது வீட்டு உரிமையாளரின் கடமை. எல்பிஜி சிலிண்டர்களை நிலவறைகளில் வைப்பதற்குத் தடை உண்டு. காரணம் நான் மேலே சொன்ன அதே பாரம்தான். அந்த நாட்டுக்குரிய செலவும் நிர்வாகமும் நம்மிடம் இல்லை என்பது உண்மை. ஆனால் நிலமட்டத்துக்குக் கீழே சிலிண்டர் வைக்கக் கூடாது என்ற ஒரு வரிக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. வீதிக்குக் கீழே இறங்கிக் கட்டும் எங்கள் மலைநகரங்களுக்கு அந்த வரி கொழும்பைவிடப் பன்மடங்கு தேவை.

லயத்திலும் விடுதியிலும்

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயக் காம்பராவில் ஓர் அறையும் இஸ்தோப்பு என்ற முன்திண்ணையும்தான் முழு வீடு. விறகடுப்புக்குப் பக்கத்திலேயே எரிவாயு அடுப்பும் வந்துவிட்டது. ஒன்றில் தணல் இருக்கும்போதே மற்றதில் சிலிண்டர் மாற்றுகிறார்கள். கூரை ஒன்றே என்பதால் ஒரு காம்பராவில் பிடித்த தீ வரிசை முழுவதற்கும் போகும். அங்கே பாவிக்கும் வீட்டு ரெகுலேட்டர் அழுத்தத்தை ஏறத்தாழ 30 மில்லிபாருக்குக் குறைத்துத் தருவதால், உணவகத்தைவிடக் கசிவு மெதுவாக இருக்கும். தணலை முழுதாக அணைத்த பிறகு, கதவைத் திறந்துவைத்து, பகல் வெளிச்சத்தில் சிலிண்டர் மாற்றுவது. இரவு படுக்குமுன் அடுப்புக் குமிழோடு நிற்காமல் ரெகுலேட்டரையும் மூடுவது. லயங்களுக்குப் போகும்போதெல்லாம் அம்மாமாரிடம் இந்த இரண்டையும் கெஞ்சிக் கேட்கிறேன். காம்பரா தோட்ட நிர்வாகத்தின் கட்டடம். ஆனால் அதனுள் இருக்கும் எரிவாயு இணைப்பைப் பரிசோதிக்க நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்ததாக நான் கேட்ட எவரும் சொன்னதில்லை. வீட்டு உரிமையாளரின் கடமை என்று வேறு நாடுகளில் எழுதிவைத்திருப்பதைத் தோட்டத் தொழிலாளிக்கும் உரிமையாக்க வேண்டும்.

விடுதிகளில் ஆபத்து வேறு வகையானது. ஏப்ரல் வசந்தகாலத்தில் நுவரெலியாவில் அறை கிடைப்பதே அரிது. வீடுகளையும் விடுதியாக்கி, குளியலறைக்குள் எரிவாயு வெந்நீர்க் கருவியைப் பொருத்துகிறார்கள். 1,868 மீற்றர் உயரத்தில் வளி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மெலிந்தது. மூடிய சிறு குளியலறையில், போதிய ஒட்சிசன் இல்லாமல் எரியும் சுவாலை காபனோரொட்சைட்டு (கார்பன் மோனாக்சைடு) என்ற நச்சுவாயுவை உண்டாக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியின் ஈமோகுளோபினோடு ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான நாட்டத்துடன் அது பிணையும். தலைவலி, குமட்டல், மயக்கம் என்று தொடங்கும். பயணக் களைப்பு என்று நினைத்துப் படுத்துக்கொள்வார்கள். குளிருக்காக அறைக்குள் கரிச்சட்டி வைப்பதும் இதே ஆபத்துதான். வளியை வெளியிலிருந்து எடுத்து, புகையையும் வெளியே விடும் மூடிய வகைக் கருவியைத் தவிர வேறெதையும் குளியலறையில் பொருத்தக் கூடாது என்கிறது பிரித்தானிய விதி. சுவரின் மறுபக்கத்தில், கூரையின் கீழ், திறந்தவெளியில் கருவியைப் பொருத்திக் குழாயை மட்டும் உள்ளே விடும்படி விடுதி நடத்துபவர்களிடம் சொல்லிவருகிறேன். ஒரு நாள் வேலைதான். குளிர்காலத்தில் சன்னலைத் திறந்துவைக்கும்படி விருந்தினரிடம் கேட்பதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

பின்னர்

உணவகம் ஒன்றரை மாதம் கழித்துத் திறக்கப்பட்டது. சிலிண்டர்கள் இப்போது வீதி மட்டத்தில், கட்டடத்துக்கு வெளியே, பக்கச் சுவரோடு கம்பிக்கூண்டுக்குள் நிற்கின்றன. கூண்டின் அடிப்பகுதி திறந்தவெளியை நோக்கியது. அங்கிருந்து சமையலறைக்கு உலோகக் குழாய். அடுப்போடு சேரும் இடத்தில் மட்டும் குறுகிய ரப்பர் குழாய், இரு முனைகளிலும் கிளிப். அண்டாவுக்குச் சுவாலை அணைந்தால் வாயுவை அடைக்கும் வால்வுள்ள அடுப்பு வாங்கினார்கள். சமையலறைச் சுவரின் அடியில், தரையை ஒட்டி, பள்ளத்தின் பக்கமாக இரண்டு காற்றுத் துவாரங்கள் வெட்டினோம். குளிர் உள்ளே வருகிறது என்று முதலாளியின் மனைவி குறைபட்டார். எலி வராமல் கம்பிவலை அடித்தோம். துவாரத்தை அடைக்கச் சம்மதிக்கவில்லை. களஞ்சியத்தின் மின் ஆளி மேல்தளத்துக்கு மாற்றப்பட்டது. தகரச் சுவரைக் கல்லாக்க வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டதை உரிமையாளர் ஏற்றுக்கொண்டார்.

இளைஞரின் கைகள் ஆறிவிட்டன. வலது கையின் இரண்டு விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. அவர் இப்போது அதே கடையில் காசாளராக இருக்கிறார்.

வியாபார அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது சிலிண்டர் நிற்கும் இடத்தையும் பரிசோதிக்க வேண்டும், நிலமட்டத்துக்குக் கீழே வைப்பதை அனுமதிக்கக் கூடாது என்று வர்த்தகர் சங்கம் பிரதேச சபைக்கு எழுத்தில் கோரிக்கை கொடுத்திருக்கிறது. அதனுடன் இணைப்பதற்காக, அந்த வீதியின் சரிவுப் பக்கத்திலுள்ள கடைகள் ஒவ்வொன்றிலும் சிலிண்டர் எந்தத் தளத்தில் நிற்கிறது என்ற வரைபடத்தை நானும் சங்கச் செயலாளரும் தயாரித்துக்கொண்டிருக்கிறோம்.